எல்கேஜி யூகேஜி ஆப், டேப்லெட், ஸ்மார்ட் டிவி எல்லாம் திடீர்னு நின்னா என்ன பண்றது? கன்டின்யூட்டி ப்ளான் எழுதச் சொல்றாங்க, டெல்டாக்காரங்க வாங்க

மன்னை_மழலை:
எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் சின்னதா ஒரு ப்ளே ஸ்கூல் நடத்துறோம், ப்ரீகேஜில இருந்து யூகேஜி வரைக்கும். ரூமுக்கு ஒரு ஸ்மார்ட் டிவி, புள்ளைங்க மாத்தி மாத்தி தொடுற மாதிரி கொஞ்சம் டேப்லெட், அட்டெண்டன்ஸ், ஃபீஸ், பேரண்ட்ஸுக்கு மெசேஜ் எல்லாத்துக்கும் ஒரே ஆப். இப்ப பாடத்திட்டம் குடுக்குற கம்பெனி ஒரு ஃபாரம் அனுப்பிருக்காங்க, மழை சீசனுக்கு முன்னாடி "பிசினஸ் கன்டின்யூட்டி ப்ளான்" எழுதி அனுப்பியே ஆகணுமாம். தொறந்து பாத்தா பேங்குக்கு அடிச்ச ஃபாரம் மாதிரி இருக்கு, "உங்கள் மாற்று டேட்டா சென்டர் எங்கு உள்ளது"ன்னு ஒரு கேள்வி. எங்ககிட்ட மாற்று கழிப்பறையே கிடையாதுங்க. ஐப்பசி பொறந்தா காலைல எந்திரிச்சதும் கலெக்டர் லீவு விட்டாரான்னு பாக்குறது, இதான் இத்தன வருஷமா நம்ம ப்ளான். நீங்கல்லாம் உங்க ஸ்கூல்ல, சென்டர்ல நெஜமா என்ன வச்சிருக்கீங்க? ஃபாரத்துக்கு எழுதுறத சொல்லாதீங்க, நடக்குறத சொல்லுங்க.

யூகேஜி_அப்பா:
மூணு வயசு புள்ளைக்கு டேப்லெட் எதுக்குன்னு முதல்ல சொல்லுங்க மேடம். அத தூக்கிட்டா ப்ளானே வேண்டாமே.

மன்னை_மழலை:
அந்த சண்டைக்கு ஏற்கனவே வேற இழை ஓடுது சார், அங்க வர்றேன். இங்க இருக்கறத வச்சு பேசுவோம்.

வெண்ணாத்தங்கரை:
மேடம், எனக்கு ஊரு நீடாமங்கலம், சென்னைல இதே கன்டின்யூட்டி வேலைதான் பாக்குறேன். ஐஎஸ்ஓ 22301னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, 2012ல வந்து 2019ல திருத்துனாங்க, அத வச்சு யாரோ பெரிய கம்பெனிக்கு செஞ்சத பேர மாத்தி உங்க தலைல கட்டிருக்காங்கன்னு நெனைக்குறேன். ஆனா உள்ள இருக்கற சங்கதி மோசமில்ல. நம்மாளுங்க பண்றது என்னன்னா புயல் வந்தா, வெள்ளம் வந்தா, இடி விழுந்தான்னு காரணத்துல ஆரம்பிப்பாங்க, அதுக்கு முடிவே கிடையாது. 2024 ஜூலை 19ம் தேதி புயலுமில்ல மழையுமில்ல, ஒரே ஒரு செக்யூரிட்டி சாஃப்ட்வேர் அப்டேட் கோளாறா போயி உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர் நீலத் திரையோட நின்னுச்சு, நம்மூர் ஏர்போர்ட்டுல போர்டிங் பாஸ கையால எழுதிக் குடுத்தாங்க ஞாபகம் இருக்கா. அத எந்த லிஸ்ட்ல முன்கூட்டியே எழுதிருக்க முடியும்? அதனால எதனால நிக்குதுங்கறத விட்டுருங்க. எது நின்னுச்சுன்னா எவ்வளவு நேரத்துல யாரு கஷ்டப்பட ஆரம்பிப்பாங்க, அதான் கேள்வி. அப்புறம் எவ்வளவு நாள் டேட்டா போனாலும் பரவால்லன்னு ஒரு கணக்கு. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா மீதி எல்லாம் செலவு பண்றதுதான்.

உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மத்தியானம் பன்னெண்டரை, புள்ளைங்கள விடுற நேரம், ஆப் தொறக்கல. என்ன ஆகும்?

மன்னை_மழலை:
சார் அது நடந்தே இருக்கு. கூட்டிட்டுப் போக யார் யார் வரலாம்னு போட்டோவோட ஆப்ல இருக்கும், கேட்ல நிக்குற ஆயாம்மா டேப்ல பாத்துட்டுதான் புள்ளைய விடுவாங்க. ஜூலைல ஒரு நாள் கம்பெனி சர்வரே படுத்துருச்சு, டேப்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. வெளில வெயில், டூவீலர் எல்லாம் கேட்ட அடைச்சு நிக்குது. அதுல ஒரு பெரியவர் சைக்கிள்ல வந்திருக்காரு, பேத்தி உக்கார கேரியர்ல துண்ட நாலா மடிச்சு கட்டிருக்காரு, நான் இன்னாரோட அம்மாவப் பெத்தவன், வடுவூர்ல இருந்து காலைலதான் வந்தேங்குறாரு. புள்ளையக் கேட்டா "தாத்தா"ன்னு சிரிக்குது. அது எங்க வாட்ச்மேனையும் தாத்தான்னுதான் கூப்புடும். அம்மாவுக்கு போன் போடலாம்னா நம்பரும் அதே ஆப்லதான் இருக்கு. கடைசில ஆயாம்மாதான் அந்தப் பொண்ணு வேல பாக்குற ஜவுளிக்கடை எனக்குத் தெரியும்னு சொல்லி, பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன அனுப்பி அம்மாவ போன்ல வரவச்சு, அதுக்கப்புறம்தான் விட்டோம். பெரியவர் ஒரு வார்த்த கோவமா பேசல, இப்படித்தாம்மா இருக்கணும்னுட்டு போனாரு.

இதுல கவனிக்க வேண்டியது, அன்னைக்கு மூணு ரூம்லயும் டிவியும் ஓடல. அத ஒருத்தரும் கேக்கவே இல்ல, டீச்சருங்க பாட்டுப் பாடி ஓட்டிட்டாங்க.

வெண்ணாத்தங்கரை:
அப்ப உங்க ப்ளான் முக்கால்வாசி முடிஞ்சுது மேடம். வீடியோ ஒரு மாசம் வரலன்னாலும் அஞ்சு வயசு புள்ளைக்கு படிப்பு நிக்காது. கூட்டிட்டுப் போறவங்க லிஸ்ட் பத்து நிமிஷம் இல்லன்னா பள்ளிக்கூடமே நிக்குது. ஃபாரத்துல டிவி டேப்லெட்தான் முதல் பக்கத்துல இருக்கும், ஏன்னா அவங்க விக்குறது அது. நீங்க வரிசைய மாத்திப் போடுங்க. முதல்ல புள்ளையோட பாதுகாப்புக்கு வேண்டிய தகவல். யார் கூட்டிட்டுப் போகலாம், யாருகூட விடவே கூடாது, ரெண்டு போன் நம்பர், எந்தப் புள்ளைக்கு கடலை முட்டை ஆகாது, யாருக்கு வலிப்பு வரும், மருந்து எங்க இருக்கு. இது காகிதத்துல கேட் கிட்ட இருக்கணும், வாரா வாரம் திங்கக்கிழமை புதுசா பிரிண்ட் எடுத்து பழச கிழிச்சுப் போடணும். அதுக்கு அடுத்துதான் மத்ததெல்லாம்.

யூகேஜி_அப்பா:
இத ஒத்துக்குறேன். என் வொய்ஃபுக்கும் எனக்கும் கோர்ட்டுல கேஸ் நடக்குறப்ப யாரு கூட்டிட்டுப் போகலாங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல இங்க வேண்டாம்.

பட்டுக்கோட்டை_பேட்டரி:
எல்லாரும் கரண்ட மறந்துட்டு பேசுறீங்களே. நான் இன்வெர்ட்டர் கடை வச்சிருக்கேன், வியாபாரத்துக்காக சொல்லல, கேட்டுக்குங்க. 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ள வந்துச்சுல்ல, வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு லட்சம் கம்பத்துக்கு மேல சாஞ்சுது, உள்கிராமத்துக்கெல்லாம் கரண்டு வர வாரக்கணக்கா ஆச்சு. அப்ப இன்வெர்ட்டர் வச்சிருந்தவனும் வைக்காதவனும் ஒண்ணுதான், சார்ஜ் ஏத்த கரண்டு வேணும்ல. புயலுக்குன்னு இன்வெர்ட்டர் கேட்டு வர்ற ஸ்கூல்காரங்ககிட்ட நானே சொல்லிருவேன், இது சில மணி நேர கட்டுக்குத்தான், புயலுக்கு இல்லன்னு.

இப்ப கணக்கு. 150 ஏஹெச் பேட்டரி ஒண்ணு, 12 வோல்ட், பெருக்குனா 1800 வாட் அவர். அத முழுசா உறிஞ்சுனா பேட்டரி சீக்கிரம் செத்துரும், இன்வெர்ட்டர்லயும் கொஞ்சம் வீணாகும், கைக்கு வர்றது ஒரு 1100ன்னு வச்சுக்குங்க. மூணு டிவி 300 வாட், பழைய ஃபேன் ஆறு 420 வாட், மொத்தம் 720, ஒன்றரை மணி நேரத்துல பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சுரும். டிவிய லைன்ல இருந்து பிரிச்சு விட்டுட்டு, ஃபேன கரண்டு கம்மியா இழுக்குற பிஎல்டிசி வகைக்கு மாத்துனா ஒண்ணுக்கு 30 வாட்டுதான், ஆறு ஃபேன், நெட் பாக்ஸு எல்லாம் சேத்து 200க்குள்ள, அஞ்சு மணி நேரம் தாராளமா ஓடும். ஸ்கூல் டைமே அவ்வளவுதானே. புள்ளைங்களுக்கு காத்து வேணும், டிவி வேண்டாம். நெட் பாக்ஸுக்கு மட்டும் தனியா சின்னதா 12 வோல்ட் யூபிஎஸ் கிடைக்குது, அது போதும். ஆனா உங்க பாக்ஸுக்கு கரண்டு இருந்தா மட்டும் நெட்டு வராது, தெருமுனைல கேபிள்காரர் வச்சிருக்கற பாக்ஸுக்கும் கரண்டு இருக்கணும். அவர்கிட்ட பேட்டரி வச்சிருக்கீங்களான்னு ஒரு வார்த்த கேட்டு வைங்க, நெறைய பேருகிட்ட இருக்காது.

இன்னொன்னு, அறுவடை முடிஞ்சு வயல் எலி எல்லாம் கட்டடத்துக்குள்ள வர்ற ஊரு நம்மளுது. ஒயர கடிக்காம இருக்க பைப்புக்குள்ள விட்டு இழுங்க. ப்ளான்ல எலிய சேத்துக்குங்க, சென்னைக்காரங்க எழுத மாட்டாங்க.

மன்னை_மழலை:
எலிய சேத்துட்டேன் அண்ணே. சோலார் போட்டா?

பட்டுக்கோட்டை_பேட்டரி:
கூரை மேல போடுறது நல்லதுதான் தங்கச்சி, ஆனா சாதாரண ஆன்கிரிட் வகை வாங்கிட்டு கரண்டு போனா ஓடும்னு நெனைக்காதீங்க, லைன்ல கரண்டு இல்லன்னா அதுவும் நின்னுரும், கம்பத்துல வேல செய்யுற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி செஞ்சிருக்காங்க. பேட்டரியோட சேந்ததான்னு கேட்டு வாங்குங்க. ஐப்பசி கார்த்திகைல வெயிலும் அளவாதான் இருக்கும்.

அங்கன்வாடி_அக்கா:
நான் வேதாரண்யம் பக்கம் சென்டர் பாக்குறேன். நீங்க இவ்வளவு எழுதுறீங்க, எங்களுக்கு ப்ளானே நோட்டுதான். 2021ல போஷன் டிராக்கர்னு அங்கன்வாடி கணக்கு ஏத்துற அரசு ஆப் வந்துச்சு, இப்ப சத்துமாவு குடுக்கவே முகத்த போன்ல புடிச்சு ஏத்தணும், டவர் இல்லன்னா அம்மாமாருங்க கைப்புள்ளையோட வாசல்ல நிப்பாங்க. அதனால எடை, உயரம், யாரு வந்தா, யாருக்கு முட்டை குடுத்தோம் எல்லாம் முதல்ல நோட்டுல எழுதிருவேன், டவர் கிடைக்குறப்ப ஏத்துவேன். ரெட்ட வேலதான், திட்டிக்கிட்டேதான் செய்யுறோம். ஆனா ஒண்ணு சொல்றேன், கஜால எங்க பக்கத்து சென்டர்ல நோட்டெல்லாம் நனைஞ்சு ஒட்டிப்போச்சு, பிரிச்சா மை பரவி நீலமா இருந்துச்சு. காகிதம் பத்திரம்னு நெனைக்காதீங்க. நான் இப்ப மழை அறிவிப்பு வந்ததும் ரெஜிஸ்டர மாவு வர்ற பிளாஸ்டிக் பையில போட்டு கட்டி பரண் மேல ஏத்திருவேன். மாசம் ஒருக்கா பக்கத்த போன்ல போட்டோ புடிச்சும் வச்சுக்குறேன்.

வெண்ணாத்தங்கரை:
அக்கா, எங்க ஆபீஸ்ல மூணு காப்பி, ரெண்டு விதமான சேமிப்பு, ஒரு காப்பி வெளியூர்லன்னு ஒரு விதி சொல்லுவோம். நோட்டு, போன், நீங்க ஏத்துற சர்வர். நீங்க அத முழுசா செஞ்சுக்கிட்டு இருக்கீங்க.

அங்கன்வாடி_அக்கா:
அப்ப எனக்கும் உங்க சம்பளம் குடுக்கச் சொல்லுங்க தம்பி.

பழைய_ஹெச்எம்:
கும்பகோணத்துல இருந்து எழுதுறேன், ரிட்டையர் ஆன ஆளு. ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

முதல் விஷயம், பேட்டரிக்காரர் தம்பி சொன்ன இன்வெர்ட்டர எங்க வைக்கப் போறீங்க? நெறைய நர்சரில மாடிப்படிக்குக் கீழ, அதுக்குப் பக்கத்துலயே புள்ளைங்க பை செருப்பெல்லாம் இருக்கும். எங்க ஊருல 2004 ஜூலை 16ல 94 புள்ளைங்கள பள்ளிக்கூடத் தீயில பறிகுடுத்தோம். அதுக்கப்புறம் கீத்துக் கூரை போச்சு, விதி வந்துச்சு, சரி. இப்ப டிஜிட்டல்னு சொல்லி ஒரே பிளக்ல நாலு சார்ஜர், டேப்லெட்டெல்லாம் அலமாரிக்குள்ள பூட்டி ராத்திரி பூரா சார்ஜ்ல கிடக்குது, யாராவது யோசிக்கிறீங்களா? பேட்டரி காத்தோட்டமான இடத்துல, புள்ளைங்க ஓடி வெளிய வர்ற வழில இல்லாம இருக்கணும். சார்ஜ் ஆளு இருக்கும்போது மட்டும். இத ப்ளான்ல எழுதாம டேட்டா டேட்டான்னு எழுதுறது எனக்குப் புரியல.

ரெண்டாவது, ப்ளான எழுதி ஃபைல்ல வச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல, பழக்கணும். அதுக்கு தனியா நாள் பாக்க வேண்டாம். மாதாந்திர பராமரிப்புன்னு ஒவ்வொரு சப் ஸ்டேஷனுக்கும் இபி முன்கூட்டியே தேதி போடுறான்ல, காலைல ஒம்போது மணில இருந்து சாயங்காலம் வரைக்கும், பேப்பர்லயே வருது. அந்த நாள வீணாக்காதீங்க. அன்னைக்கு நெட்டையும் அணைச்சுப் போட்டுட்டு, டேப எல்லாம் பீரோல வச்சுப் பூட்டிட்டு, காகிதத்த மட்டும் வச்சு பள்ளிக்கூடத்த நடத்திப் பாருங்க. எது இல்லாம தடுமாறுறோம்னு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சுபோயிரும். தேர் ஓடுற அன்னைக்கும் அப்படித்தான், தேர் வர்ற தெருவுல கரண்ட நிறுத்திருவாங்க, நமக்குத் தெரிஞ்ச நாள்தானே.

வெண்ணாத்தங்கரை:
ஐயா இது பிரமாதம். எங்க கம்பெனில இந்த மாதிரி ஒத்திகைக்கு ஹோட்டல்ல ரூம் போட்டு, வெளில இருந்து ஆள் வரவச்சு நடத்துவாங்க. இபிகாரன் மாசா மாசம் ஃப்ரீயா நடத்திக் குடுக்குறான், நமக்குத்தான் தோணல.

மன்னை_மழலை:
எங்களுக்கு அடுத்த ஷட்டவுன் வர்ற வாரமே இருக்குங்க ஐயா. செஞ்சு பாத்துட்டு எழுதுறேன்.

திருவாரூர்_வாட்ஸ்அப்_அட்மின்:
எதுக்கு இவ்வளவு? எல்லா லிஸ்ட்டையும் போட்டோ புடிச்சு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டா எல்லார்கிட்டயும் பேக்கப் இருக்கும். சிம்பிள்.

யூகேஜி_அப்பா:
அண்ணே தயவு செஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. எந்தப் புள்ளைய எத்தன மணிக்கு யாரு கூட்டிட்டுப் போறாங்க, வீடு எங்க, அம்மா நம்பர் என்ன, எல்லாம் நூறு பேரு போன்ல. அந்த நூறு பேருல ஒருத்தன் போன் ரிப்பேர் கடைக்குப் போனா போதும். 2025 செப்டம்பர்ல லண்டன்ல பல கிளை வச்சிருக்கற ஒரு நர்சரி குழுமத்துல புகுந்து, சுமார் 8,000 புள்ளைங்களோட போட்டோ, பேரு, அட்ரஸ் எடுத்துட்டோம்னு சொல்லி பணம் கேட்டானுங்க, கொஞ்சம் புள்ளைங்க படத்த நெட்ல போடவும் செஞ்சானுங்க, பெத்தவங்களுக்கே போன் போட்டு மெரட்டுனானுங்க. டேட்டா தொலைஞ்சா திரும்ப எழுதிக்கலாம். வெளிய போனத எப்படி உள்ள கொண்டாருவீங்க? நம்மூர்லயும் 2023ல தனிநபர் டேட்டா சட்டம் வந்துருச்சு, பதினெட்டு வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க சம்மதம் வாங்கணும்னு அதுல இருக்கு.

வெண்ணாத்தங்கரை:
அப்பா சொல்றது சரி. வாட்ஸ்அப்ப மட்டும் நம்புறதுலயும் சிக்கல் இருக்கு. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஆறு மணி நேரத்துக்கு மேல உலகம் பூரா படுத்துருச்சு. நமக்கு ராத்திரியா போனதால தூங்கிட்டோம், அதே பன்னெண்டரை மணிக்குப் போயிருந்தா? லீவு விட்ட சேதி, வேன் லேட்டு மாதிரி விஷயத்துக்கு குரூப் போதும். அவசரத்துக்கு சாதா எஸ்எம்எஸ்ஸும் போன் காலும் இருக்கணும், அதுவும் டீச்சர் ஒரே ஆளு எல்லாருக்கும் போட முடியாது. தெருவுக்கு ஒரு அம்மான்னு பிரிச்சு வச்சுக்குங்க, நீங்க எட்டு பேருக்கு சொன்னா அவங்க மத்தவங்களுக்கு சொல்லுவாங்க.

திருவாரூர்_வாட்ஸ்அப்_அட்மின்:
சரி சரி, போட்டோ போடச் சொன்னத வாபஸ் வாங்கிக்குறேன். தெருவுக்கு ஒரு அம்மா ஐடியா நல்லாருக்கு, ஆனா எந்தத் தெருவுலயும் ரெண்டு அம்மாவுக்கு ஆகாது பாருங்க, அதுக்கும் ப்ளான் வேணும்.

மன்னை_மழலை:
சிரிச்சுட்டேன். ஷட்டவுன் முடிஞ்சுது, வந்துட்டேன். ஐயா சொன்ன மாதிரியே டேப எல்லாம் உள்ள வச்சுப் பூட்டிட்டோம். புள்ளைங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, எல்கேஜி மிஸ் புளியங்கொட்டைய கொட்டி அஞ்சு அஞ்சா அடுக்கச் சொன்னாங்க, எப்பவும் டேப்ல தொட்டு எண்ணுறதுதான் அது. ஒரு பையன் மட்டும் காலைல எப்பவும் வர்ற யானைப் பாட்டு எங்கன்னு அழுதான், மிஸ்ஸே யானையா நடந்து காமிச்சாங்க, நின்னுருச்சு.

தடுமாறுனது வேற எடம். வேன். வேன் எங்க வருதுன்னு பேரண்ட்ஸ் ஆப்ல பாப்பாங்க, ஆப்ப அணைச்சதால பத்து நிமிஷத்துல ஆபீஸ் போன் அடிச்சு தள்ளிட்டாங்க, டிரைவர் ஓட்டிக்கிட்டே எடுக்கப் பாத்தாரு, அது ஆபத்து. இப்ப வேன்ல போற ஆயாம்மாகிட்ட ஒரு சாதா பட்டன் போன் குடுத்துருக்கோம், எந்த ஸ்டாப்புல யாரு இறங்கணும்னு லேமினேட் பண்ண அட்டையும். இன்னொன்னுதான் பயந்து போயிட்டேன். ஆப்புல இருந்து டேட்டாவ எல்லாம் எக்ஸெல்லா எறக்கி வைக்கலாம்னு சாயங்காலம் உக்காந்தா அட்மின் லாகின் ஓடிபி கேக்குது, ஓடிபி போற நம்பர் முன்னாடி இருந்த கம்ப்யூட்டர் மிஸ்ஸோடது, அவங்க கல்யாணம் ஆகி சிங்கப்பூர் போயிட்டாங்க.

வெண்ணாத்தங்கரை:
இதுதான் மேடம், எல்லா எடத்துலயும் இதுதான். புயல விட அதிகமா பள்ளிக்கூடத்த நிறுத்துறது ஒரே ஆளு கையில இருக்கற பாஸ்வேர்டு. ஸ்கூல் பேர்ல ஒரு சிம் வாங்குங்க, அத ஆபீஸ் பீரோல இருக்கற போன்ல போடுங்க, மெயிலும் ஸ்கூல் பேர்ல. பாஸ்வேர்ட ஒரு கவர்ல எழுதி ஒட்டி தாளாளர்கிட்ட குடுங்க. யாரு வேலைய விட்டாலும் அன்னைக்கே மாத்தணும். அந்த சிம்ம மறக்காம ரீசார்ஜ் பண்ணுங்க, பண்ணாம விட்டு நம்பர் வேற யாருக்காவது போன கதையும் இருக்கு.

பட்டுக்கோட்டை_பேட்டரி:
சிங்கப்பூர் மிஸ்ஸுகிட்ட ஓடிபி வாங்கிட்டீங்களா?

மன்னை_மழலை:
வாங்கிட்டோம் அண்ணே. அங்க ராத்திரி பத்து மணி, அவங்க மாமியார் முன்னாடி வாசிச்சுக் காமிச்சாங்களாம்.

ஸ்பீச்_தெரபி_தஞ்சாவூர்:
இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டு இருந்தேன், யாரும் தொடாத ஒண்ணு இருக்கு. டீச்சருங்க ஆப்புல போடுற அப்சர்வேஷன் குறிப்பு. "இன்னைக்கு ரெண்டு வார்த்த சேத்துப் பேசுனான்", "பேரு கூப்புட்டா திரும்பல", இந்த மாதிரி. சாதாரணமா இருக்கற புள்ளைக்கு அது போனா போகுது, அம்மாவுக்கு ஆல்பம் போன மாதிரி வருத்தம் அவ்வளவுதான். ஆனா பேச்சு தாமதம், ஆட்டிசம் சந்தேகம் இருக்கற புள்ளைக்கு அந்த தேதி போட்ட குறிப்புதான் எங்களுக்கு கண்ணு. மெடிக்கல் காலேஜ்ல இருக்கற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு கூட்டிட்டு வர்றப்ப நாங்க கேக்குற முதல் கேள்வியே எப்ப இருந்துங்கறதுதான். பெத்தவங்களுக்கு ஞாபகம் இருக்காது, டீச்சர் எழுதி வச்சிருப்பாங்க, அது ஆப்புல இருக்கும், ஆப் கம்பெனி மூடிட்டா? ஒரு வருஷ குறிப்பு போச்சுன்னா அந்தப் புள்ளைக்கு மறுபடியும் ஒண்ணுல இருந்து பாக்கணும், அந்த வயசுல ஆறு மாசங்கறது ரொம்பப் பெருசு. அதனால எல்லாருக்கும் வேண்டாம், இந்தப் புள்ளைங்களுக்கு மட்டுமாவது மாசா மாசம் பிரிண்ட் எடுத்து ஒரு காப்பிய பெத்தவங்க கையிலயே குடுத்துருங்க.

மன்னை_மழலை:
இது எனக்கு தோணவே இல்லங்க. எங்ககிட்ட அப்படி ரெண்டு புள்ளைங்க இருக்கு. நாளைக்கே எடுத்துர்றேன். கம்பெனி மூடிட்டான்னு கேட்டீங்களே, அத ஃபாரத்துல எங்கயுமே கேக்கல பாருங்க.

வெண்ணாத்தங்கரை:
அவன் எப்படி கேப்பான். ஆன்லைன் படிப்புல நாட்டுலயே பெருசுன்னு இருந்த பைஜூஸ் கம்பெனியே 2024 ஜூலைல திவால் நடவடிக்கைக்குள்ள போச்சு, சின்ன கம்பெனி எல்லாம் எம்மாத்திரம். அடுத்த வருஷ அக்ரிமென்ட்ல ரெண்டு வரி போடச் சொல்லுங்க. எப்ப கேட்டாலும் எங்க டேட்டா முழுசும் எக்ஸெல்லயும் பிடிஎஃப்லயும் காசு வாங்காம குடுக்கணும், ஒப்பந்தம் முடிஞ்சா புள்ளைங்க போட்டோவ எல்லாம் அழிச்சுட்டு எழுத்துல சொல்லணும். முடியாதுன்னா அந்தக் கம்பெனிக்கே ப்ளான் இல்லன்னு அர்த்தம். பாட வீடியோவுக்கும் நெட்ட நம்பாதீங்க, அவங்க அனுமதிச்சா பென் டிரைவ்ல எறக்கி டிவி பின்னாடி சொருகி வைங்க. ஃபீஸ் விஷயத்த ரசீது புக்க வச்சு ஓட்டிக்கலாம், ஒரு வாரம் தாங்கும்.

யூகேஜி_அப்பா:
ஒரு வேண்டுகோள். மழைக்கு ஸ்கூல் லீவு விட்டா உடனே போன்ல ஆன்லைன் கிளாஸ்னு லிங்க் அனுப்பாதீங்க. கன்டின்யூட்டின்னா அதான்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க நெறைய ஸ்கூல்ல. ரெண்டுல இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் கூடாது, குறைஞ்சா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருச்சு. புயல் நேரத்துல வீட்டுல இருக்கறது ஒரே போனு, சார்ஜ் இருபது பர்சன்ட்டு, அது ஆம்புலன்ஸுக்கும் இபிக்கும் கூப்புட வேணும்.

அங்கன்வாடி_அக்கா:
சரியா சொன்னீங்க தம்பி. கஜாவுக்கு அப்புறம் சென்டர் தொறந்தப்ப புள்ளைங்க பேசவே இல்ல, காத்து சத்தம் கேட்டா என் சேலைய புடிச்சுக்கும். அப்ப புதுசா எதையும் சொல்லித்தரல, தினம் அதே நேரத்துக்கு அதே பாட்டு, அதே எடத்துல பாய், அதே மாதிரி கை கழுவி சாப்பாடு. பத்து பன்னெண்டு நாள்ல பழைய மாதிரி சண்ட போட ஆரம்பிச்சுதுங்க, அப்பதான் எனக்கு நிம்மதி.

பழைய_ஹெச்எம்:
அம்மா சொன்னத அப்படியே ஃபாரத்துல எழுதுங்க. அன்றாட அட்டவணை ஒரு பக்கம், கரண்டு இல்லாம, நெட்டு இல்லாம, வழக்கமான டீச்சர் வரலன்னாலும் புதுசா வர்ற ஒருத்தர் எடுத்துப் பாத்து நடத்துற மாதிரி. பாட்டோட வரியும் அதுல இருக்கணும், யூடியூப்ப நம்பி யாருக்கும் இப்ப பாட்டு மனப்பாடம் இல்ல.

மன்னை_மழலை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அத்தன பக்க ஃபாரத்துல பாதிக்கு மேல "பொருந்தாது"ன்னு போட்டுட்டு, நாமளா ரெண்டு பக்கம் எழுதி இணைச்சு அனுப்பிட்டேன். முதல்ல கேட் லிஸ்ட்டும் வேன் அட்டையும், அப்புறம் மருந்து அலர்ஜி, தெருவுக்கு ஒரு அம்மா, ஓடிபி சிம், குறிப்பு பிரிண்ட், பேட்டரி வைக்குற எடம், அட்டவணையும் பாட்டும். டிவிய கடைசில போட்டு "ஒரு மாதம் வரை தேவையில்லை"ன்னு எழுதிருக்கேன். மாற்று டேட்டா சென்டர்னு கேட்ட எடத்துல "திருச்சியில் தாளாளரின் தங்கை வீட்டு பீரோ, பூட்டிய உறை, பென் டிரைவ் ஒன்று"ன்னு போட்டேன், உண்மையும் அதுதான். ஆறு வெட்டிக்கிட்டா மன்னார்குடில எந்த எடத்துல வச்சாலும் ஒரே தண்ணிதானே. பென் டிரைவுக்கு பாஸ்வேர்டும் போட்டாச்சு. அத்தன பக்கம் அனுப்புனவங்க ரெண்டு பக்கத்த ஏத்துக்குவாங்களான்னு தெரியல, திருப்பி அனுப்புனா அவங்க என்ன கேட்டாங்கன்னு இங்கயே போடுறேன்.

அங்கன்வாடி_அக்கா:
அந்த கேட் லிஸ்ட்டு மாடல எனக்கும் குடும்மா, நோட்டுல கோடு போட்டுக்குறேன்.

மன்னை_மழலை:
எழுதிக்குங்க அக்கா. புள்ளை பேரு, வீட்டுல கூப்புடுற பேரு, கூட்டிட்டுப் போறவங்க மூணு பேரு வரைக்கும் உறவோட, விடக்கூடாதவங்க இருந்தா அது சிவப்பு பேனால, போன் ரெண்டு, பக்கத்து வீட்டு நம்பர் ஒண்ணு, ஆகாத சாப்பாடு, மருந்து, கடைசியா தேதியும் யாரு எழுதுனாங்கன்னு கையெழுத்தும். பக்கத்து வீட்டு நம்பர மட்டும் விட்டுறாதீங்க.